சுழலும் மூட்டுகள்: தலையும் கையும் திரும்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன்பு கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்தது. 6 வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று முகம் கழுவப் போய் நின்றபோதுதான் தெரிந்தது, உள்ளங்கையை மல்லாத்த வரவில்லை. ஏந்திய தண்ணீரெல்லாம் சரிந்து ஓடியது. விரல் மடங்கியது, முழங்கை மடங்கியது, வலிகூட அதிகமில்லை. திரும்புவது மட்டும் போய்விட்டது. கை திரும்புகிறது என்பதையே அதுவரை நான் கவனித்ததில்லை. அப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நானே கேட்டுக்கொண்டவையும் மற்றவர்கள் என்னிடம் கேட்டவையுமாகச் சேர்ந்த கேள்விகள் இவை.

சுழலும் மூட்டு என்று எதைச் சொல்கிறோம்?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. அங்கே ஓர் எலும்பு தன் நீளவாக்கு அச்சிலேயோ, இன்னோர் எலும்பைச் சுற்றியோ திரும்பினால் அது சுழற்சி. முழங்கை மடங்குவது வேறு வகை. கீல் போட்ட கதவு மாதிரி அது ஒரே வாக்கில் திறந்து மூடும். கீல் இல்லாத குடுமிக் கதவைப் பார்த்தவர்களுக்குச் சுழலும் மூட்டு எளிதில் புரியும். கதவின் ஓரத்தில் மேலும் கீழும் செதுக்கிய குடுமி, குழியில் நின்ற இடத்திலேயே திரும்பும்.

உடம்பில் இந்த வேலையைச் செய்வதற்கு முளை மூட்டு என்று பெயர். ஒரு முளை, அதைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தில் ஒரு பகுதி எலும்பு, மீதி தசைநார், அதாவது லிகமென்ட். ஓரிடத்தில் முளை நிற்கும், வளையம் சுற்றும். இன்னோரிடத்தில் வளையம் நிற்கும், முளை சுற்றும்.

அவை எங்கே இருக்கின்றன?

முளை மூட்டு என்று கறாராக எண்ணினால் மிகக் குறைவு. கழுத்தின் உச்சியில் 1. ஒவ்வொரு முன்கையிலும் 2, முழங்கைப் பக்கம் ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் தோள், இடுப்பு ஆகிய பந்துக் கிண்ண மூட்டுகளும் சுழலும். முழங்கால் கொஞ்சம் சுழலும். முதுகெலும்பு ஒவ்வொரு மட்டத்திலும் துளித்துளியாகத் திரும்பும்.

"திரும்பினேன்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் செயலில் பெரும்பாலும் இவற்றில் பல சேர்ந்திருக்கும். ஒரு மூட்டு திரும்ப மறுத்தால் பக்கத்து மூட்டு அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். கோளாறு ஓரிடம், வலி பக்கத்து இடம் என்று ஆவது அதனால்தான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தலை எப்படித் திரும்புகிறது?

தலையாட்டி "ஆமாம்" சொல்வதும் "இல்லை" சொல்வதும் வேறு வேறு மூட்டுகளின் வேலை. மண்டையோட்டின் அடிக்கும் முதல் கழுத்து முள்ளெலும்புக்கும் நடுவே இருப்பது "ஆமாம்" மூட்டு. முதல் முள்ளெலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருப்பது "இல்லை" மூட்டு. சுழலுவது இதுதான்.

முதல் முள்ளெலும்பின் பெயர் அட்லஸ். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் சுமப்பவர் அட்லஸ். இந்த எலும்பு சுமப்பது தலையை. மற்ற முள்ளெலும்புகளின் முன்பக்கம் உருளை போல ஒரு கனமான உடல்பகுதி இருக்கும். அட்லஸுக்கு அது இல்லை, வெறும் வளையம். இரண்டாவது எலும்பான ஆக்சிஸின் மேலே பல் மாதிரி ஒரு முளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது அட்லஸின் வளையத்துக்குள் முன்பக்கமாக நுழைந்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இங்கேதான் இருக்கிறது. அந்த முளை உண்மையில் அட்லஸுக்குச் சேர வேண்டிய உடல்பகுதி. கரு வளரும் காலத்தில் அது அட்லஸோடு ஒட்டாமல், கீழே இருக்கும் ஆக்சிஸோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. தன் நடுப்பகுதியைப் பக்கத்து எலும்புக்குக் கொடுத்துவிட்டு, அதையே அச்சாக வைத்துக்கொண்டு ஓர் எலும்பு காலமெல்லாம் சுற்றுகிறது.

திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கல்லின் நடுவில் முளை, மேல்கல் அதைச் சுற்றித் திரும்பும். தலையும் அட்லஸும் சேர்ந்தது மேல்கல். கழுத்து மொத்தமாக ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 டிகிரி திரும்புகிறது என்றால், அதில் ஏறக்குறைய பாதி, 40 டிகிரி அளவு, இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. மீதியைக் கீழே உள்ள முள்ளெலும்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அந்த முளை தண்டுவடத்தைக் குத்திவிடாதா?

முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம் இறங்குகிறது, ஆகவே இந்தப் பயம் நியாயமானது. இரண்டுக்கும் நடுவே குறுக்குத் தசைநார் என்ற உறுதியான பட்டை இருக்கிறது. அட்லஸின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, முளையின் முதுகை ஒட்டி இழுத்துக் கட்டிய வார் மாதிரி ஓடி, முளையை வளையத்தின் முன்வளைவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. முளைக்கும் முன்வளைவுக்கும் நடுவே எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு 5 வரை சரி. அதைத் தாண்டினால் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது போக, முளையின் உச்சியிலிருந்து மண்டையோட்டுக்கு இரண்டு சிறகுத் தசைநார்கள் போகின்றன. தலை அளவுக்கு மீறித் திரும்பாமல் கடிவாளம் போடுவது அவற்றின் வேலை.

அட்லஸ் வளையத்தின் உள்ளிடத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு முளை, ஒரு பங்கு தண்டுவடம், ஒரு பங்கு காலி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தக் காலி இடம்தான் நம் பாதுகாப்பு. முடக்குவாதம் பல வருடமாக இருப்பவர்களில் சிலருக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்கும் குறுக்குத் தசைநார் தளர்ந்துபோவது உண்டு. மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தைச் சாய்க்க வேண்டியிருப்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் இவர்களுடைய கழுத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆந்தை அவ்வளவு தூரம் திருப்புகிறதே, நமக்கு ஏன் முடியாது?

ஆந்தை ஒரு பக்கத்துக்கு 270 டிகிரி வரை தலையைத் திருப்பும். அதன் கழுத்தில் 14 முள்ளெலும்புகள், நமக்கு 7. (ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான்.) எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. ஆந்தைக்கு அந்தத் துளை, குழாயைவிடப் பல மடங்கு அகலம். குழாய் உள்ளே நெளிய இடம் உண்டு. நமக்கு அவ்வளவு இடமில்லை. இன்னொன்று, ஆந்தையின் கண்கள் குழியில் அசையாமல் பதிந்தவை. பக்கத்தில் பார்க்க அது தலையைத் திருப்பியே ஆக வேண்டும். நமக்குக் கண்ணே திரும்பிக் கழுத்தின் வேலையைக் குறைக்கிறது.

உள்ளங்கையைத் திருப்பும்போது மணிக்கட்டுதானே சுழல்கிறது?

அப்படித்தான் தோன்றும். ஆனால் மணிக்கட்டு மேலும் கீழும், பக்கவாட்டிலும் சாயுமே தவிர, சுழலுவது அதன் வேலையில்லை. சோதித்துப் பார்க்கலாம். இடது கையால் வலது முன்கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைத் திருப்ப முயலுங்கள். ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். பிடியை விட்டதும் திரும்பும்.

முன்கையில் பக்கம் பக்கமாக இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா முழங்கையில் கீலாகக் கெட்டியாக நிற்கும், ரேடியஸ்தான் சுற்றும். உள்ளங்கை மல்லாந்திருக்கும்போது இரண்டும் இணையாக இருக்கின்றன. கவிழ்க்கும்போது ரேடியஸின் கீழ்முனை அல்னாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். இரண்டும் கத்தரிக்கோலின் இரு அலகுகள் மாதிரி குறுக்கே விழும். உள்ளங்கை ரேடியஸோடு பிணைந்திருப்பதால் அதோடு சேர்ந்து போகிறது.

ரேடியஸின் மேல்முனை ஒரு தடித்த காசு மாதிரி வட்டமாக இருக்கும். அதைச் சுற்றி வளையத் தசைநார். மொத்த வளையத்தில் ஐந்தில் நாலு பங்கு இந்தத் தசைநார், மீதி ஒரு பங்கு அல்னாவின் பக்கத்தில் உள்ள பள்ளம். காசு அதற்குள் நின்ற இடத்திலேயே சுழலும். இதைத் தொட்டே உணரலாம். முழங்கையை மடக்குங்கள். வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முடிச்சிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு விரற்கடை தள்ளி விரலை வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மாறி மாறிக் கவிழ்த்து மல்லாத்துங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருளும். அதுதான் ரேடியஸின் தலை. இதை முதல்முறை உணர்ந்த நாளில் வீட்டில் எல்லோருடைய முழங்கையையும் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

கீழ்முனையில் இது தலைகீழ். அங்கே அல்னாவின் தலை நிற்கிறது, ரேடியஸ் அதைச் சுற்றி வருகிறது. முக்கோண வடிவத்தில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆக, ஒரே எலும்பு ஒரு முனையில் தானே சுழல்கிறது, மறுமுனையில் இன்னொன்றைச் சுற்றுகிறது. மேலும் கீழும் உள்ள இந்த இரண்டு மூட்டுகளும் ஒன்றில்லாமல் மற்றது இயங்காது. எனக்கு உடைந்தது மணிக்கட்டுப் பக்கம். முழங்கைப் பக்கத்து மூட்டு முழுசாக நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதுவும் சேர்ந்து நின்றுபோனதன் காரணம் இதுதான்.

அன்றாட வேலைக்குக் கை எவ்வளவு திரும்ப வேண்டும்?

முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைப்பது நடுநிலை. அங்கிருந்து மல்லாத்த 80 முதல் 90 டிகிரி, கவிழ்க்க 80 டிகிரி வரை பெரும்பாலானவர்களுக்கு வரும். 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 33 பேரை 15 அன்றாட வேலைகள் செய்யவைத்து அளந்தார்கள். இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கம் 50 இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும் என்று தெரிந்தது. எலும்பு மருத்துவர்கள் இன்றும் இந்த 100 டிகிரியைத்தான் குறியாக வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் விசைப்பலகையில் தட்டச்சு செய்வதற்குக் கையை இன்னும் அதிகம் கவிழ்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் குறைகிறது என்பதும் முக்கியம். கவிழ்க்க வராவிட்டால் முழங்கையை விலாவிலிருந்து விலக்கித் தூக்கினால் போதும், தோள் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மல்லாத்த வராவிட்டால் அந்த வழி இல்லை. முழங்கையை எதிர்ப்பக்கம் கொண்டுபோகலாம் என்றால் உடம்பு குறுக்கே நிற்கிறது. தண்ணீர் ஏந்துவது, மீதிச் சில்லறை வாங்குவது, தட்டைத் தாங்குவது எல்லாமே மல்லாந்த கையின் வேலைகள். அவற்றை இழந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

திருகாணியை முடுக்கும்போது வலது கைக்குப் பலம் அதிகமாக இருப்பது ஏன்?

புஜத்தில் புடைக்கும் பைசெப்ஸ் தசை கையை மடக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளங்கையை மல்லாத்துவதிலும் அது பலசாலி. அதன் கீழ்முனை ரேடியஸில் உள்ள ஒரு முடிச்சில் பிடித்திருக்கிறது. கையைக் கவிழ்க்கும்போது அந்த முடிச்சு பின்பக்கம் போய், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் எலும்பைச் சுற்றிக்கொள்ளும். தசை சுருங்கியதும், பம்பரத்தில் சுற்றிய சாட்டையை இழுத்த மாதிரி எலும்பு திரும்புகிறது. வலது கையால் திருகாணியை முடுக்குவது மல்லாத்தும் திசை. எனவே பைசெப்ஸ் உதவிக்கு வருகிறது. கழற்றுவது கவிழ்க்கும் திசை, அங்கே அது உதவாது. முழங்கையை 90 டிகிரி மடக்கி வைத்து முடுக்கிப் பாருங்கள், அப்புறம் கையை நீட்டி வைத்துச் செய்யுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சின்னக் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்காதே என்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன வளையத் தசைநார்தான் காரணம். 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கு அது மெல்லியதாகவும் தளர்வாகவும் இருக்கும். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் வளையம் ரேடியஸின் தலை மேல் வழுகி ஏறி, மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். குழந்தை அழும், அப்புறம் கையை உடம்போடு ஒட்டி, சற்று மடக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பயன்படுத்தவே மறுக்கும். வீக்கம் பெரும்பாலும் இருக்காது.

தெரிந்த மருத்துவர் முன்கையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் திருப்பினால் சில நொடிகளில் வளையம் தன் இடத்துக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் குழந்தை விளையாட ஆரம்பிக்கும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எலும்பு முறிவாக இருந்தால் திருப்புவது கேடு. குழந்தையைத் தூக்க அக்குளுக்குக் கீழே இரண்டு கையும் கொடுங்கள். கைகளைப் பிடித்து ராட்டினம் மாதிரி சுற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

தோளும் இடுப்பும் ஒரே வகை மூட்டுதானே? தோள் மட்டும் ஏன் அடிக்கடி நழுவுகிறது?

இரண்டும் பந்துக் கிண்ணம்தான். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழம், பந்து உள்ளே புதைந்திருக்கிறது. தோளில் அது கிண்ணமே இல்லை, தட்டு. பந்தின் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதைவிடக் குறைவாகத்தான் அது தொடுகிறது. அதனால் தோளுக்குச் சுதந்திரம் அதிகம். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி வைத்தால், வெளியே 90 டிகிரியும் உள்ளே 70 டிகிரியும் அளவுக்குச் சுழலும். இடுப்பு மூட்டு வெளியே 45, உள்ளே 35 போல.

சுதந்திரத்துக்கு ஈடாகத் தோளை எலும்புக்குப் பதில் தசைகள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரொட்டேட்டர் கஃப் என்ற 4 தசைகள் சட்டையின் கைப்பட்டி மாதிரி பந்தைச் சுற்றி அணைத்து, கை அசையும் ஒவ்வொரு கணமும் அதைத் தட்டின் நடுவில் நிறுத்துகின்றன.

முழங்கையை நீட்டிக் கையைத் திருப்பினால் முன்கையின் சுழற்சியோடு தோளின் சுழற்சியும் சேர்ந்து கை இன்னும் அதிக தூரம் திரும்பும். முன்கையை மட்டும் சோதிக்க விரும்பும் மருத்துவர்கள் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டச் சொல்வது அதனால்தான்.

கையை வட்டமாக வீசுவதும் சுழற்சிதானா?

இல்லை. அது முன்னே, பக்கத்தில், பின்னே என்ற அசைவுகளைத் தொடர்ச்சியாகச் செய்வது. கை ஒரு கூம்பு வரைகிறது, எலும்பு தன் அச்சில் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. கையைத் தொங்கவிடுங்கள், உள்ளங்கை தொடையைப் பார்க்கட்டும். முழங்கையை நீட்டியபடி, கையைத் திருப்பாமல், முன்பக்கம் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். அங்கிருந்து கிடைமட்டமாகப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். பிறகு நேராகக் கீழே இறக்குங்கள். இப்போது உள்ளங்கை முன்னே பார்க்கிறது! எங்கேயும் திருப்பவில்லை, ஆனால் 90 டிகிரி திரும்பியிருக்கிறது. எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் தோளைப் பற்றி 1934இல் வெளியிட்ட நூலில் இந்தப் புதிரைச் சொன்னதால் இதற்குக் காட்மன் முரண் என்று பெயர். நான் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

முழங்கால் சுழலுமா?

மடக்கியிருக்கும்போது சுழலும், நீட்டியிருக்கும்போது சுழலாது. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை உள்ளே வெளியே திருப்பினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு திரும்புவதைக் கையால் உணரலாம். நீட்டும்போது கடைசி 20 டிகிரி அளவில் கீழ்க்கால் எலும்பு தானாகக் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி, திருகி மூடியது போல மூட்டைப் பூட்டிக்கொள்ளும். நெடுநேரம் நிற்கும்போது தொடைத் தசைகள் சோராமல் இருப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். மறுபடி மடக்க, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் பாப்லிட்டியஸ் என்ற சின்னத் தசை பூட்டைத் திறக்கிறது. பாதம் தரையில் பதிந்து நிற்க உடம்பு மட்டும் திரும்பினால், முழங்கால் தன் அளவுக்கு மீறிச் சுழன்று முன் சிலுவைத் தசைநார் கிழிகிறது. விளையாட்டு வீரர்கள் யாரும் மோதாமலேயே சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இடுப்பை வளைத்துத் திரும்பும்போது திரும்புவது எது?

இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் இல்லை. அவற்றின் பின்பக்கச் சின்ன மூட்டுகள் நிமிர்ந்து எதிரெதிராக நிற்பதால், ஒவ்வொரு மட்டத்திலும் 2 டிகிரி போலத்தான் திரும்பும். பெரும் பங்கு, மார்புப் பகுதி முதுகெலும்பும் தொடை எலும்பு சேரும் இடுப்பு மூட்டுகளும் செய்வது. அவை இறுகிப்போனவர்கள் கனத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் அடிமுதுகு மாட்டிக்கொள்கிறது. கால் பாதத்தையும் சேர்த்து நகர்த்தித் திரும்புங்கள்.

இவ்வளவு சுற்றியும் மூட்டு தேயாமல் இருப்பது எப்படி?

எலும்பு முனைகளில் குருத்தெலும்பு பூசியிருக்கிறது, பெரிய மூட்டுகளில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். நடுவே சைனோவியல் திரவம், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பானது. முழங்கால் போன்ற பெரிய மூட்டிலேயே சில மில்லிலிட்டர்தான் இருக்கும். அதில் ஹயலூரானிக் அமிலமும் லூப்ரிசின் என்ற புரதமும் இருக்கின்றன. பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட ஆரோக்கியமான மூட்டில் உராய்வு குறைவு.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தும்போது பழைய நீரை விட்டு, விடும்போது புதிய நீரை உறிஞ்சும் பஞ்சு மாதிரித்தான் அது சாப்பிடுகிறது. அசைவு நின்றால் அதற்குச் சோறும் நின்றது. அசையாமல் வைத்த மூட்டு ஓய்வெடுக்கிறது என்று நினைப்பது சரியில்லை.

சொடக்கு எடுத்தால் மூட்டு தேயுமா?

விரல் சொடக்கின் சத்தம் எலும்பு உரசுவதில்லை. மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகிறது. சத்தம் வருவது அந்தக் குமிழியால்தான். அந்த வாயு மறுபடி கரைய 20 நிமிடம் போல ஆகும், அதனால்தான் உடனே இன்னொரு சொடக்கு வராது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 50 வருடத்துக்கும் மேலாக ஒரு கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்து, மறு கையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் மூட்டுவாதத்தில் வித்தியாசமில்லை என்று 1998இல் எழுதினார். ஒரே ஒருவர் மேல் செய்த சோதனைதான், ஆனால் அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

கழுத்து மட்டும் வேறு. தலையைப் பிடித்துச் சட்டென்று முறித்துச் சத்தம் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முன்னே சொன்ன ரத்தக் குழாய் அட்லஸின் மேல் வளைந்து போகிறது. அரிதாக, அந்த வளைவில் குழாயின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போனதுண்டு. மெதுவாகத் திருப்புங்கள், இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

எந்த மூட்டும் ஏன் முழுச் சுற்று சுற்றுவதில்லை?

மூட்டைத் தாண்டி ரத்தக் குழாயும் நரம்பும் தசையும் போக வேண்டும். சக்கரம் மாதிரி தொடர்ந்து சுற்றினால் அவை கயிறாக முறுக்கிக்கொள்ளும். அதனால் நம் சுழற்சி எல்லாமே போய்த் திரும்பி வருவதுதான்.

ஆனால் முழுச் சுற்று சுற்றும் ஒன்று நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸ் என்ற புரதத்தின் நடுத்தண்டு உண்மையிலேயே சுழலுகிறது. நொடிக்கு 100 சுற்றுக்கு மேல்கூடப் போகும். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தண்டில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். இந்தப் புரதம் வேலை செய்யும் விதத்தை விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் அதே ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விழுந்த பிறகோ வாகனத்தில் அடிபட்ட பிறகோ கழுத்து வலித்தால், திருப்பிச் சோதிக்காதீர்கள். அசையாமல் இருந்து உதவி கேளுங்கள். இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி திடீரென வந்து, கூடவே பார்வை இரட்டையாவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது என்று எது இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கையில் மரமரப்பும் பலக்குறைவும் தொடர்ந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

மெல்ல வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 40 முதல் 60 வயதுக்குள், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தபடி முன்கையை வெளிப்பக்கம் விரிக்க வராமல் போவது, தோள் இறுக்கத்தின் முதல் அடையாளங்களில் ஒன்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. குணமாக 1 வருடம் முதல் 3 வருடம் வரை பிடிக்கலாம். சீக்கிரம் போனால் வலியையாவது குறைக்க முடியும்.

கட்டுப் பிரித்த பிறகு திரும்பாத கை மறுபடி திரும்புமா?

பெரும்பாலும் நிறையவே மீளும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் எலும்பு சரியான கோணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியஸ் கோணலாகவோ குட்டையாகவோ சேர்ந்திருந்தால், அல்னாவின் தலை முட்டி வழியை மறிக்கும். பயிற்சி மட்டும் அதைச் சரி செய்யாது. எலும்பு நேராக இருந்து சதையும் தசைநாரும் மட்டும் இறுகியிருந்தால் பயிற்சி வேலை செய்யும்.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் தந்த பயிற்சி ரொம்ப எளிமையானது. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு சுத்தியலைக் கைப்பிடியில் பிடித்து, தலை மேலே பார்க்க நிறுத்த வேண்டும். மெதுவாக வெளிப்பக்கம் சாயவிட்டால் சுத்தியலின் கனமே கையை மல்லாத்தும். தாங்கும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்தி, திரும்பி வர வேண்டும். அப்புறம் உள்பக்கம் கவிழ்த்து அதே போல. கைப்பிடியின் அடிப்பக்கம் பிடிக்கப் பிடிக்கக் கனம் கூடும். ஆகவே முதலில் சுத்தியல் தலைக்குப் பக்கத்தில் பிடித்தேன், வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கினேன். முழங்கை விலாவை விட்டு நகர்ந்தால் தோள் திரும்பிக் கொடுத்துவிடும், முன்கை சும்மா இருக்கும். அதனால் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைத்து, அது கீழே விழாமல் பார்த்துக்கொண்டேன். 5 மாதம் ஆயிற்று. இப்போது மல்லாத்த 70 டிகிரி வருகிறது. தண்ணீர் ஏந்த அது போதும், கடைசி மடக்கு மட்டும் இன்னும் சுண்டுவிரல் பக்கமாக வழிகிறது.